பஸ் விடுமெண்டு நினைச்ச கார்

2016 மாசி 14. கலிபோர்னியாவில மவுண்டன் வியூ எண்ட ஊர், எல் கமினோ ரியல் எண்டொரு பெரிய றோட்டு. கூகிளின்ர தானா ஓடுற லெக்சஸ் ஒண்டு வலப்பக்கம் திரும்பிறதுக்காக ஓரத்தோட போய் நிக்குது (அங்க எங்களுக்கு எதிர்மாறு, வலப்பக்கத்தாலதான் ஓடுறது). முன்னால வடிகான் வாயைச் சுத்தி மண்மூட்டை அடுக்கிக் கிடக்கு, அதால போகேலாது, அப்ப திரும்பவும் லேனின்ர நடுவுக்கு வரோணும். பின்னால பஸ் ஒண்டு வருது. கார் பஸ்ஸை வடிவாக் கண்டது, சென்சரில ஒரு பிழையுமில்லை. கண்டுபோட்டு, பஸ் எனக்கு விடும் எண்டு முடிவெடுத்து மெல்ல மெல்ல உள்ளுக்கு வந்தது. பஸ் விடேல்ல. காரின்ர வேகம் மணிக்கு 3 கிலோமீற்றர் சொச்சம், பஸ் ஒரு 24. பஸ்ஸின்ர பக்கத்தில கொண்டுபோய் உரசிப்போட்டுது. நல்லகாலம் ஒருத்தருக்கும் காயமில்லை.

இதில எனக்கு ஆகப் பிடிச்ச விசயம் என்னெண்டால், காருக்குள்ள சோதனைக்கெண்டு ஒரு மனிச ரைவரும் இருந்தவர், அவர் கண்ணாடியில பஸ்ஸைப் பாத்துக்கொண்டுதான் இருந்தவர், அவரும் பஸ் ஸ்லோ பண்ணும் எண்டுதான் நினைச்சவராம். பிறகு கூகிள் என்ன சொன்னது? பஸ் மாதிரிப் பெரிய வாகனங்கள் மற்றதுகளைப் போல லேசில விட்டுத்தராது எண்டதை இனிக் காருக்குச் சொல்லிக் குடுக்கிறம் எண்டு. யாழ்ப்பாணத்தில சைக்கிள் பழகிற பெடியன், பெடலுக்குக் கால் எட்ட முதலே படிச்சு முடிக்கிற பாடம் இது.

ஆனா சும்மா சிரிச்சுப்போட்டுப் போற விசயமில்லை. அந்தக் கார் பிழை விட்டது பாக்கிறதில இல்லை, பஸ்ஸின்ர முடிவை ஊகிக்கிறதில. பஸ் ரைவர் காரைப் பாத்து ஒரு முடிவு எடுப்பார், கார் பஸ்ஸைப் பாத்து ஒரு முடிவு எடுக்கும், ரெண்டும் ஒண்டில ஒண்டு தொங்கிக்கொண்டு கிடக்கு. இதைக் கணக்காக்கிறதைப் பற்றித்தான் (கேம் தியறி எண்டு சொல்லுறது) இண்டைக்கு எழுதப்போறன், கொஞ்சம் நீளும், ரீயை ஊத்திக்கொண்டு வாங்கோ.

நான் கார்ப் பக்கமில்லை. என்ர வேலை வெளிநாட்டில இருக்கிற பெரிய குடோனுகளுக்குள்ள தானா ஓடிச் சாமான் காவுற வண்டில்களுக்கு சிமுலேசன் எழுதுறது. ஒபிஸ் இங்க யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில, வண்டில் எங்கயோ கடல் கடந்து. வண்டில் போற அதே பாதையில வேலை செய்யிற ஆக்களும் நடப்பினம், அவையள் ஆரும் எங்கட சொல்லுக்குக் கட்டுப்பட்டவையில்லை. எங்கட கட்டுப்பாட்டில இருக்கிறது வண்டில் மட்டும்தான்.

பழைய முறை என்னெண்டால், மனிசரை அசையிற தூண் மாதிரி எடுக்கிறது. இப்ப இங்க நிக்கிறார், இந்த வேகத்தில போறார், அடுத்த விநாடி இவ்வளவு தூரத்துக்குள்ள எங்கயாவது இருப்பார் எண்டு ஒரு வட்டம் கீறு. அடுத்த விநாடிக்கு வட்டம் சின்னன். நாலாவது விநாடிக்கு அது பாதையை முழுசா மூடிப்போடும். ஆள் ஒண்டெண்டால் சமாளிக்கலாம், ஏழெட்டுப் பேர் எண்டால் வட்டமெல்லாம் சேர்ந்து வண்டிலுக்குப் போக ஒரு இடுக்கும் இல்லாமப் போகும், அது அப்பிடியே நிண்டுபோடும். ஸ்கிரீனில பாக்க ஒரு மாதிரிப் பாவமாக் கிடக்கும், சுத்திவர எல்லாப் புள்ளியும் ஓடித் திரியுது, நடுவில ஒரு நீலப் பெட்டி மட்டும் அசையாம நிக்கும். 2010 இல ட்ராட்மன், க்ராவுஸ எண்ட ரெண்டு பேர் இதை உறைஞ்சுபோற றோபோ எண்டு சொல்லி எழுதிச்சினம். அவையளின்ர வாதம்தான் முக்கியம்: ஊகத்தை இன்னும் திறமாக்கினாலும் இது தீராது. ஒவ்வொரு ஆளும் எங்க போவார் எண்டு தனித்தனிய எவ்வளவு துல்லியமாச் சொன்னாலும், நெரிசல் கூடினால் வண்டில் நிக்கத்தான் செய்யும். ஏனெண்டால் அந்தக் கணக்குக்குள்ள, நான் வந்தால் அவர் கொஞ்சம் விலத்துவார் எண்ட விசயமே இல்லை.

நல்லூர்த் தேரண்டைக்குக் கோயில் வீதியில நிண்டு பாத்தால் விளங்கும். இடைவெளி வரட்டும் பிறகு நடப்பம் எண்டு நிண்டால் தேர் இருப்புக்கு வந்த பிறகும் அங்கதான் நிப்பியள். எல்லாரும் தோளைக் கொஞ்சம் சரிச்சுக்கொண்டு காலை வைக்கினம், முன்னுக்கு நிக்கிறவர் திரும்பியும் பாக்காமல் அரை அடி அரக்கிறார், வழி அங்கதான் உண்டாகுது.

இதே கதை கூகிள் காருக்கு 2009 இலயே நடந்தது. அமெரிக்காவில நாலு பக்கமும் ஸ்ரொப் போர்ட் இருக்கிற சந்தியள் கனக்க இருக்கு, சட்டம் என்னெண்டால் எல்லாரும் முழுசா நிக்கோணும், முதல் வந்தவர் முதல் போகோணும். கார் சட்டப்படி நிண்டது, மற்றாக்கள் முழுசா நிக்கட்டும் எண்டு காத்துக்கொண்டு நிண்டது. மற்றாக்கள் ஆர் முழுசா நிண்டது, எல்லாரும் அரக்கி அரக்கி முன்னுக்கு வர, கார் நிண்ட இடத்திலயே நிண்டுபோச்சு. சரி மனிசரைப் போல செய்வம் எண்டாலும் வில்லங்கம்: டெஸ்லா தன்ர சொப்ட்வெயாரில ஸ்ரொப் போர்ட்டில முழுசா நிக்காமல் உருட்டிக்கொண்டு போக விட்டதால 2022 இல 54,000 கார் அளவில ரீகோல் பண்ணி அதை நிப்பாட்ட வேண்டி வந்தது.

அப்ப கேம் தியறி எங்க வருது எண்டால், இங்கதான். ஒவ்வொருத்தருக்கும் ஒரு செலவுக் கணக்கு இருக்கு எண்டு வையுங்கோ. நேரம் போனால் செலவு, பிரேக்கை இறுக்கி அடிச்சால் செலவு, மற்றவருக்குக் கிட்டப் போனால் பெருஞ்செலவு. எல்லாரும் தன் தன் செலவைக் குறைக்கப் பாக்கினம், ஆனா என்ர செலவு உங்கட முடிவிலயும் தங்கியிருக்கு. மற்றவர் மாத்தாத வரைக்கும் தான் மட்டும் மாத்தி ஒரு லாபமும் இல்லை எண்ட நிலைக்கு எல்லாரும் வந்தால் அதுதான் நாஷ் சமநிலை. ஜோன் நாஷ் இதை 1950 இல ரெண்டே ரெண்டு பக்கக் கட்டுரையில எழுதினவர், நோபல் 1994 இலதான் வந்தது.

இதுக்கு முன்னமே, இல்லை, அதே காலத்திலதான், அமெரிக்காவில ராண்ட் எண்ட ஆராய்ச்சி நிறுவனத்தில ரூபஸ் ஐசக்ஸ் எண்டவர் அசைஞ்சு கொண்டிருக்கிற ஆட்டங்களுக்குக் கணக்குப் போடத் தொடங்கினவர். நோக்கம் ஏவுகணை விமானத்தைத் துரத்திறது. ஆனா அவர் விளங்கப்படுத்த எடுத்த உதாரணம் என்ன தெரியுமோ, ஒரு கொலைகாரக் கார் ரைவர், ஒரு வழிப்போக்கர். காருக்கு வேகம் கூட, ஆனா கெதியாத் திரும்பேலாது. ஆளுக்கு வேகம் குறைவு, ஆனா நினைச்ச பக்கம் திரும்பலாம். அடிச்சே தீருவன் எண்டு இவர், தப்புவன் எண்டு அவர். காரும் நடக்கிற மனிசரும் எண்ட விசயம் இந்தக் கணக்குக்குள்ள வந்த வழியே இப்பிடித்தான். இண்டைக்கு நாங்கள் அதே சமன்பாடுகளுக்கு உறவான சமன்பாடுகளை வச்சு ஆளை இடிக்காமல் இருக்கப் பாக்கிறம். பெரிய வித்தியாசம் ஒண்டுதான், துரத்திற ஆட்டத்தில ஒருத்தரின்ர லாபம் மற்றவரின்ர நட்டம், றோட்டில அப்பிடியில்லை, இடிபட்டால் ரெண்டு பேருக்கும் நட்டம்.

சரி, ஒரு சின்ன ஆட்டத்தை வடிவாப் பாப்பம். எங்கட ஒழுங்கையில ஒரு முடக்கு இருக்கு, ஒரு பக்கம் மதில், மற்றப் பக்கம் லைட் போஸ்ட், ஒரு நேரத்தில ஒரு வாகனம்தான் போகலாம். ரெண்டு பக்கத்தாலும் ரெண்டு பேர் ஒரே நேரம் வருகினம். ஒருத்தர் போய் மற்றவர் நிண்டால், போனவருக்குச் செலவு 0, நிண்டவருக்கு 3 (மூண்டு விநாடி எண்டு வையுங்கோ). ரெண்டு பேரும் நிண்டு ஆளையாள் பாத்தால் ஆளுக்கு 5. ரெண்டு பேரும் ஒரே நேரம் போனால் ஆளுக்கு 100, கை கால் முறிவு. இதைப் பைத்தன் எண்ட கொம்பியூட்டர் மொழியில எழுதி, ரெண்டு பேரையும் ஒரே நேரத்தில, மற்றவர் இப்ப செய்யிறதுக்கு ஆகச் சிறந்த பதிலைத் தெரிவு செய் எண்டு விட்டால் என்ன நடக்கும்? ரெண்டு பேரும் நிக்கினம், அப்ப அவர் நிக்கிறார் நான் போறன் எண்டு ரெண்டு பேரும் வெளிக்கிடுகினம், ஐயோ அவரும் வாறார் எண்டு ரெண்டு பேரும் நிக்கினம், திரும்ப வெளிக்கிடுகினம். முடிவே இல்லை. வாசலில ரெண்டு பேர் முட்டுப்பட்டு ரெண்டு பேரும் ஒரே பக்கம் விலத்துறது மாதிரி. சரி ஒராள் ஒராளா முறை வச்சு முடிவெடுங்கோ எண்டால் உடன முடியுது, ஆனா ஆர் முதல் போறது எண்டதை, என்ர புரோகிராமில ஆரின்ர வரி முதல் இருக்கு எண்டது தீர்மானிக்குது! றோட்டில வாறவருக்கு என்ர புரோகிராமின்ர வரி ஒழுங்கு எப்பிடித் தெரியும்.

இந்த ஆட்டத்தில ரெண்டு சமநிலை இருக்கு, நீ போ நான் நிக்கிறன், நான் போறன் நீ நில். ரெண்டும் ஒரே அளவு சரி. மூண்டாவது ஒண்டும் இருக்கு, ரெண்டு பேரையும் ஒரே மாதிரி நடத்துற நியாயமான சமநிலை: ஒவ்வொருத்தரும் காசு சுண்டிற மாதிரி ஒரு நிகழ்தகவில போறது. மேல சொன்ன எண்களுக்குக் கணக்குப் போட்டால் போறதுக்கு 102 இல 5, அதாவது 5 வீதத்துக்கும் கொஞ்சம் குறைய. அப்பிடியெண்டால் நூறு சந்திப்பில தொண்ணூறு தரம் ரெண்டு பேரும் நிண்டு முழுசிக்கொண்டிருப்பினம், நானூறு சொச்சத்துக்கு ஒருக்கா இடிபடுவினம். நியாயம் எண்டு பாத்தால் நியாயம்தான், ஆனா அந்த முடக்கால ஒருத்தரும் வீட்ட போய்ச் சேரமாட்டினம்.

மனிசர் ஏன் இப்பிடி முழுசிறேல்ல? ஏனெண்டால் ஆர் விடோணும் எண்டது சந்திக்க முதலே பாதி முடிஞ்சிடும். லாண்ட்மாஸ்ரர் நிறைய விறகு ஏத்திக்கொண்டு வாறவரைப் பின்னுக்கு எடு எண்டு ஒருத்தரும் சொல்றேல்ல. ஸ்கூல் பிள்ளையளை முன்னும் பின்னும் ஏத்திக்கொண்டு வாற அம்மாவுக்கு எல்லாரும் விடுவினம். வயசு போனவர் சைக்கிளில வந்தால் நாங்கள் நிப்பம், அவர் நிக்க மாட்டார், அவர் நிக்கமாட்டார் எண்டதும் எல்லாருக்கும் தெரியும். பேசாமலே எல்லாரின்ர கண்ணும் ஒரு முடிவில போய்க் குத்திற இடங்களைப் பற்றி தோமஸ் ஷெல்லிங் எழுதினவர் (அவருக்கும் நோபல், 2005), அதுதான் இது. கணக்கில ரெண்டு சமநிலையும் ஒண்டு, ஊரில ஒண்டல்ல.

கணக்குப் போடுற வேகம் இப்ப பெரிய தடையில்லை. 2020 இல கலிபோர்னியாவின்ர பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில இருந்து வந்த ஒரு முறை, சிக்கலான ஆட்டத்தை இப்ப இருக்கிற பாதையைச் சுத்தி செலவை இருபடிச் சமன்பாட்டில எழுதின எளிமையான ஆட்டமாத் திரும்பத் திரும்ப மாத்தித் தீர்க்குது. மூண்டு பேர் இருக்கிற ஒரு சந்திக்கு முதல் தரம் கால் விநாடிக்குள்ள விடை, பிறகு ஓடிக்கொண்டிருக்கேக்க புதுப்பிக்க 50 மில்லி விநாடிக்கும் குறைய. கண் இமைக்க முதல் முடிஞ்சிடும். ஆனா அது கண்டுபிடிக்கிறது பக்கத்தில கிடக்கிற ஏதோ ஒரு சமநிலையை, எதிரில வாறவர் மனசில வச்சிருக்கிறது மற்றதா இருக்கலாம். அதே 2020 இலேயே அதுக்கும் ஒரு வேலை வந்தது, பல சமநிலையளையும் கணக்கெடுத்து வச்சுக்கொண்டு, ஆளின்ர அசைவைப் பாத்து அவர் எதில நிக்கிறார் எண்டு ஊகிச்சு அதோட ஒத்துப்போறது. எனக்கு இந்த முறையில நம்பிக்கை கூட. றோபோ தன்ர சமநிலையை மற்றவரில திணிக்கேல்ல எண்டதாலதான்.

திணிக்கிற கூட்டம் ஒண்டும் இருக்கு. ஸ்ரக்கல்பேர்க் எண்ட ஜேர்மன் பொருளியல்காரர் 1934 இல சொன்ன விசயம்: ஒருத்தர் முதல் நகர்ந்து காட்டுறார், மற்றவர் அதைப் பாத்துப் பதில் குடுக்கிறார், முதலாமவர் அந்தப் பதிலையும் கணக்குப் பண்ணித்தான் நகர்ந்தவர். 2016 இல பெர்க்லியில டோர்சா சதீக், அங்கா ட்ராகன் ஆக்கள் இதைக் காருக்குப் போட்டுப் பாத்திச்சினம். கார் தானே பிடிச்ச பழக்கங்கள் சுவாரசியம். பக்கத்து லேனுக்குள்ள மூக்கை நுழைச்சுப் பின்னால வாறவரை ஸ்லோ பண்ண வைக்குது. சந்தியில மனிசரை முதல் போகவிட வேணும் எண்டு நோக்கத்தைக் குடுத்தால், கொஞ்சம் பின்னுக்கு எடுக்குது. முந்நூறு வரி ரூல் எழுதி, அதில ரிவர்ஸ் எடு எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. ஆட்டத்தில இருந்து தானா வந்தது.

இதை எங்கட ஒழுங்கை வாசலில நிக்கிற ஓட்டோ அண்ணைக்குச் சொன்னனான். அவர் வெத்திலையை ஒதுக்கிக்கொண்டு, "பிள்ளை, இதுக்கு ஏன் கொம்பியூட்டர்? ஆளின்ர முகத்தைப் பாக்கக் கூடாது, முன் சில்லைப் பாக்கோணும். முகம் பொய் சொல்லும், சில்லு சொல்லாது" எண்டார். பிறகு தான் பலாலி றோட்டில ஏறிற விதத்தைக் கையால காட்டினார். முன் சில்லை ஒரு சாண் வெளியில விடுறது, வாறவன் அக்சிலேட்டரைத் தளர்த்திறானோ எண்டு சத்தத்தைக் கேக்கிறது, தளர்த்தினால் இன்னும் ஒரு சாண், தளர்த்தாட்டி அப்பிடியே நிக்கிறது. நான் வாயைப் பிளந்துகொண்டு நிண்டன். ஏனெண்டால் அதே சதீக், ட்ராகன் ஆக்கள் அதே 2016 இல இன்னொரு கட்டுரையில செய்தது இதுதான். எதிர்ப்பட்டவர் கவனமா இருக்கிறாரோ, போனைப் பாத்துக்கொண்டு வாறாரோ எண்டு தெரியாட்டி, கார் லேசா அவற்ற லேன் பக்கம் சரிஞ்சு, என்ன செய்யிறார் எண்டு பாக்கும். போறதுக்காக மட்டுமில்லை, அறியிறதுக்காகவும் ஒரு நகர்வு.

ஆனா பதில் சொல்லுறவர் இருந்தால்தானே கேள்வி கேக்கலாம். முதலில ஆர் ஆட்டத்தில இருக்கினம் எண்டதைப் பிரிக்கோணும். கட்டாக்காலி மாடு ஆட்டத்தில இல்லை. அது உங்களைப் பாக்கும், வடிவாப் பாக்கும், பாத்துப்போட்டு ஒண்டும் மாத்தாது. ரயிலும் இல்லை. 2014 இல யாழ்தேவி திரும்பி வந்த பிறகு கடவையளில இதை எங்கட சனம் படிச்ச விதம் சொல்லத் தேவையில்லை. மாட்டுக்கு நாஷ் சமநிலை போடுற றோபோ, கூகிள் கார் பஸ்ஸுக்குச் செய்ததைத்தான் செய்யும்.

மினிபஸ்தான் நான் ஆகக்கூட யோசிச்ச ஆள். எல்லாரும் மினிபஸ் விடாது எண்டு சொல்லுவினம், அது அவ்வளவு சரியில்லை. யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டில இருந்து வெளிக்கிடேக்க அதே பஸ் எப்பிடிப் போகுது எண்டு பாருங்கோ. ரைம் கீப்பர் விரட்டினாப் பிறகு வெளிக்கிட்டு, ஒவ்வொரு ஹோல்ட்டிலயும் உருட்டி உருட்டி, கொண்டக்டர் மிதிபலகையில தொங்கிக்கொண்டு ஒழுங்கைக்குள்ள தூரத்தில வாற ஆளையும் கூப்பிட்டு, சைக்கிளில போறவை முந்திக்கொண்டு போவினம். அந்த நேரம் நீங்கள் ஸ்கூட்டியை முன்னால விட்டால் சந்தோசமா விடுவார், அவருக்கு நேரம் போறதுதான் லாபம். பிறகு கண்ணாடியில பின்னால வாற பஸ் தெரியும், கொண்டக்டர் பலகையில ரெண்டு தட்டுத் தட்டுவார். அவ்வளவுதான், அதே ரைவர், அதே பஸ், அதே றோட்டு, வேற ஆட்டம். இனி அவருக்கு நாங்கள் ஒருத்தரும் ஆட்டக்காரரில்லை. அவர் விளையாடுறது பின்னால வாற பஸ்ஸோட, அடுத்த ஹோல்ட்டில நிக்கிற பத்துப் பேரின்ர கலெக்சனுக்கு. நாங்கள் இடையில கிடக்கிற சாமான்.

2019 இல அமெரிக்காவின்ர எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில ஒரு வேலை செய்தவை, ஒவ்வொரு ரைவரும் எவ்வளவு சுயநலம், எவ்வளவு விட்டுக்கொடுப்பு எண்டதை ஒரு கோணமா எடுத்து, அவரின்ர ஓட்டத்தைப் பாத்து அந்தக் கோணத்தை மதிப்பிட்டு, அதை வச்சு ஊகிச்சால் பிழை 25 வீதம் அளவில குறையுது எண்டு. நல்ல வேலை, நானும் வண்டிலுக்கு இதைத்தான் கொஞ்சம் மாத்திப் பாவிக்கிறன். ஆனா அது ரைவரின்ர குணம் எண்ட மாதிரி எழுதேக்க எனக்கு உடன்பாடில்லை. மினிபஸ்காரரின்ர கோணம் அவரின்ர குணமில்லை, அவருக்குச் சம்பளம் வாற விதம். குடோனிலும் அதேதான், மணித்தியாலத்துக்கு இத்தினை பெட்டி எடுக்கோணும் எண்டு இலக்கு வச்சால் வேலையாக்கள் வண்டிலுக்கு முன்னால குறுக்கப் பாயத் தொடங்குவினம், காலையில பாயாத ஆள் சிஃப்ட் முடியிற நேரம் பாய்வார். கமெராவில தெரியிற அசைவை வச்சு மட்டும் இதைப் பிடிக்கிறது கஷ்டம், பிடிச்சாலும் பழசைக் கெதியா மறக்கத் தெரியோணும், இல்லாட்டி உருட்டிக்கொண்டு போன பஸ்ஸை நம்பிக் குறுக்க விட்டுப்போட்டு நிப்பம்.

அப்ப ஒருத்தரையும் நம்பாமல் ஆகமோசமானதை நினைச்சு ஓடினால் என்ன எண்டு கேப்பியள். கணக்குப் போட்டுப் பாருங்கோ. கஸ்தூரியார் வீதியில ஆக்கள் வாகனத்துக்கு ஒரு மீற்றர் தள்ளித்தான் நடப்பினம். ஒருத்தர் திடீரெண்டு நடுவுக்குக் காலை வச்சால், விநாடிக்கு 1.5 மீற்றர் நடை, 0.67 விநாடியில காருக்கு முன்னால. அதுக்குள்ள கார் முழுசா நிண்டிருக்கோணும் எண்டால், சென்சரும் பிரேக்கும் பிடிக்க 0.2 விநாடி போக மிச்சம் 0.47, நல்ல பிரேக் ஒவ்வொரு விநாடியும் வேகத்தை விநாடிக்கு 6 மீற்றரால குறைக்கும், அப்ப கூடினது விநாடிக்கு 2.8 மீற்றர். மணிக்கு 10 கிலோமீற்றர். முழு ரவுணுக்கும் 10 கிலோமீற்றரில ஓடுற கார். சைக்கிள் முந்தும். தானா ஓடுற காருக்குத் தொழில்நுட்பம் செய்யிற மொபைலாய் கொம்பனி 2017 இல போட்ட பாதுகாப்பு விதிகளில ஒண்டு, முன்னுரிமை மற்றவர் தாறது, நாங்கள் பறிக்கிறதில்லை எண்டு. அடியில இப்பிடி ஒரு விதி கட்டாயம் இருக்கத்தான் வேணும், மேல ஆட்டம் என்ன சொன்னாலும் இதைத் தாண்டேலாது எண்டு. ஆனா எல்லாரும் தருவினம் எண்டு பாத்துக்கொண்டு நிண்டால் ஆஸ்பத்திரி வீதியில ஏறேலாது.

இன்னொரு பக்கமும் இருக்கு. அடம் மில்லார்ட் போல் எண்டவர் எழுதினது: தானா ஓடுற கார் கட்டாயம் நிக்கும் எண்டு சனத்துக்குத் தெரிஞ்சிட்டால், சனம் பயமில்லாமல் நினைச்ச இடத்தில குறுக்க நடக்கும், பிறகு அந்தக் கார் நகரத்துக்குள்ள ஊரத்தான் வேணும். அவர் இதை ஒரு பிரச்சினையாவும் ஒரு வாய்ப்பாவும் எழுதுறார். எனக்கு அது முழுக்க நல்ல விசயமாத்தான் படுது, ரவுணுக்குள்ள நடக்கிறவை பயப்பிடாமல் நடந்தால் ஆருக்கு என்ன நட்டம். நல்லூர் இருபத்தைஞ்சு நாளும் கோயிலைச் சுத்தி வாகனத்தை மறிச்சு வைக்கினம்தானே, ஒருத்தரும் செத்துப்போகேல்ல. (மனிசரே இல்லாட்டியும் இந்தக் கரைச்சல் தீராது எண்டதுக்கு ஒரு கதை. 2024 இல சான் பிரான்சிஸ்கோவில வேமோ எண்ட தானா ஓடுற கார்கள் நிப்பாட்டிற ஒரு வளவில, விடியக்காலை நாலு மணிக்கு காருகள் ஒண்டை ஒண்டு பாத்து ஹோர்ன் அடிச்சு அயலட்டையை எழுப்பிக்கொண்டிருந்தது. பின்னுக்கு எடுத்து வாற வாகனத்துக்கு ஹோர்ன் அடிக்கோணும் எண்ட நல்ல ரூல்தான். எல்லாருக்கும் அதே ரூல் எண்டால் இப்பிடி.)

எனக்கு இப்ப மண்டையைக் குடையிறது வேற ஒண்டு. வண்டில் லேசா மூக்கை நீட்டுது, ஆள் பதறி விலத்துறார், விலத்திப் பக்கத்து றாக்கையில தோளை அடிச்சுக்கொள்ளுறார். றோட்டெண்டால் சைக்கிள்காரர் வாய்க்காலுக்க போறார். வண்டில் ஆளில முட்டேல்ல, வண்டிலின்ர லொக் பதிவில இடி எண்டு ஒண்டும் வராது, சமநிலைக் கணக்குப்படி அவர் தனக்குச் செலவு குறைஞ்ச பதிலைத்தான் தெரிவு செய்தவர். அவருக்கு வேற என்ன தெரிவு இருந்தது எண்டதை அந்தக் கணக்குக் கேக்காது. முன் சில்லை நீட்டிற ஓட்டோ அண்ணை வாறவரைப் பாத்து எவ்வளவு நீட்டிறது எண்டு யோசிப்பார், நான் கேட்டனான், பெண்பிள்ளையள் சைக்கிளில வந்தால் நீட்டவே மாட்டாராம்.

அதால மற்றவர் பிரேக் அடிக்கிறதையும் திடீரெண்டு திரும்பிறதையும் வண்டிலின்ர சொந்தச் செலவில சேர்ப்பம் எண்டு மீற்றிங்கில சொன்னனான். நகர்ந்து பாக்கலாம், அரக்கலாம், ஆனா அடுத்தவரைத் துள்ள வச்சால் வண்டிலுக்கும் வலிக்கோணும். வேகம் குறையும் எண்டு உடன பதில் வந்தது. எவ்வளவு குறையும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது, அப்ப ஓடவிட்டுப் பாப்பம் எண்டு நிக்கிறன். அந்தச் செலவுக்கு எவ்வளவு பாரம் குடுக்கிறது எண்டதுதான் இப்ப இழுபறி. நான் கூடப் போட்டு வச்சிருக்கிறன், அவையள் குறைக்கச் சொல்லுவினம், குறைக்கிறதெண்டால் எந்த எண்ணில, ஏன் எண்டு எழுதித் தாங்கோ எண்டு கேக்கப்போறன்.